வற்றல் காலம்: வாசகர் கேள்வி – பதில்

மாசி பிறந்துவிட்டால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி வற்றல், வடகம் பற்றித்தான். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். இதற்கென்று கருவி எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு சுளகு (முறம்), ஒரு பழைய வெள்ளை வேட்டி, நாலு செங்கல், மூடி இறுகும் பாட்டில் ஆகியவை இருந்தால் வேலை நடக்கும்.

ஆச்சி, கூழ் வத்தல் பிழிந்தால் இரண்டாம் நாளே துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது. தப்பியதைப் பொரித்தால் பூக்காமல் சிவந்துபோகிறது. வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது. எங்கே தப்பு?
— வாசகி, புதுவயல்

வெயிலில் குறையில்லை. கூழ் வேகவில்லை. பத்தில் எட்டுப் பேருக்கு வடகம் கெடுவது மொட்டைமாடியில் இல்லை, அடுப்படியில்தான்.

அளவிலிருந்து வருவோம். அச்சில் பிழியும் பதத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசி மாவுக்கு இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீர். கரண்டியால் ஊற்றும் வடகத்துக்கு ஐந்து, ஆறு டம்ளர் வரை போகலாம். அரிசி பழையதா புதிதா என்பதைப் பொறுத்து அரை டம்ளர் முன்பின் ஆகும். அதனால் அரை டம்ளர் வெந்நீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு நூறு கிராம் ஜவ்வரிசியை ஊற வைத்து அரைத்துச் சேர்த்தால் வடகம் பொரியும்போது நன்றாக விரியும்.

பிழியும் கூழுக்கு: தண்ணீரைக் கொதிக்க வைத்து உப்பு, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம் போடுங்கள். மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, அடி விடாமல் கிளறுங்கள். ஐந்தாவது நிமிடமே கெட்டியாகிவிடும். அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்கிவிடுவதுதான் தப்பு. வெள்ளையாக, மங்கலாக இருக்கும் கூழ் கண்ணாடி மாதிரி மினுமினுக்க வேண்டும். அதற்குச் சிறு தீயில் பதினைந்து, இருபது நிமிடம் பிடிக்கும். கையை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டக்கூடாது. பிறகு தட்டால் மூடிப் பத்து நிமிடம் புழுங்க விடுங்கள். மாவுச்சத்து தண்ணீரை முழுக்கக் குடித்து வெந்தால்தான் காயும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அரைவேக்காடாக இருந்தால் காயக் காய மாவு தனித்தனியாகப் பிரிந்து விரிசல் விடும்.

உப்பு ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டீஸ்பூன், தலை தட்டி. வாயில் போட்டுப் பார்த்தால் "இன்னும் கொஞ்சம் போடலாமே" என்று தோன்றும். போடாதீர்கள். தண்ணீர் போனபின் அந்த உப்பு அத்தனையும் அந்தச் சின்ன வடகத்தில்தான் நிற்கும். காரமும் அப்படியே. எலுமிச்சைச் சாறு பிழிவதென்றால் இறக்கியபின் பிழியுங்கள்.

விரிசலுக்கு இன்னொரு காரணம், பிழியும் நேரம். பத்து மணிக்கு மாடி ஏறினால் தளம் சுடும். மேல்தோல் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம் இருக்க, நடுவில் வெடிக்கும். ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டு, எட்டரைக்குள் பிழிந்து முடித்துவிடுங்கள். இளவெயிலில் மெல்லத் தோல் கட்டி, உச்சி வெயிலில் உள் ஈரம் போகட்டும்.

துணியில் பிழிந்திருந்தால் சாயங்காலம் துணியைப் புரட்டிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் கழித்து உரியுங்கள். உரித்ததை அடிப்பக்கம் மேலே வரும்படி சுளகில் பரப்பி இரவு வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் காய்ந்தால் தானே கழன்று வரும் என்பது வாஸ்தவம். ஆனால் அடியில் காற்று போகாததால் அடிப்பக்கம் ஒரு நாள் பின்தங்கும். பிழியும் அன்று மட்டும் ஷீட், மறுநாளிலிருந்து சுளகு என்று வைத்துக்கொள்ளலாம். உரச்சாக்கு, சிமெண்ட் சாக்கைக் கழுவி விரிப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது.

இனி, சிவந்துபோவது. வடகத்தை விரிய வைப்பது உள்ளே மிஞ்சியிருக்கும் கொஞ்சம் ஈரம்தான். நூற்றுக்குப் பத்து பங்கு போல இருக்கும் அந்த ஈரம் சூடான எண்ணெயில் ஒரே நொடியில் ஆவியாகி மாவை ஊதிவிடுகிறது. ஈரம் அதைவிட அதிகமாக இருந்தாலும், எண்ணெய் காயாமல் இருந்தாலும் வடகம் எண்ணெயிலேயே கிடந்து ஊறும், ஊறிச் சிவக்கும். ஒரு துணுக்கைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். அதுதான் சூடு. கூழில் மோர் நிறைய ஊற்றுபவர்களுக்கும் நிறம் மாறும். மோரில் இருக்கும் பால் சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் கருகும். புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மோர் மிளகாய் மூன்றாம் நாள் கொழகொழவென்று ஆகி, காம்பில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கழுவிக் காய வைத்தால் சரியாகிவிடுமா?
— வாசகி, கோட்டையூர்

ஆகாது. காம்பில் பஞ்சு மாதிரி பூத்திருந்தால் அது பூசணம். கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ளது மட்டும்தான், வேர் உள்ளே ஓடியிருக்கும். சில பூசணங்கள் விடும் நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் போகாது. பூத்தவற்றையும் அதோடு ஒட்டிக் கிடந்தவற்றையும் குப்பையில் போடுங்கள். மனசு கேட்காதுதான்.

அடுத்த முறைக்கு அளவு: நீளம் குறைந்த, சதைப்பற்றான மிளகாய் ஒரு கிலோ. நன்றாகப் புளித்த கெட்டி மோர் ஒரு லிட்டர். கல்லுப்பு 125 முதல் 150 கிராம். மிளகாயைக் கழுவி, துணியில் போட்டு ஈரம் போகத் துடைத்தபிறகுதான் கீற வேண்டும். கீறிவிட்டுக் கழுவினால் உள்ளே தண்ணீர் தங்கும். காம்பைக் கிள்ளாதீர்கள். நுனியிலிருந்து பாதி வரை ஒரு கீறல் போதும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும்.

பீங்கான் ஜாடியில் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் உப்பு கரைத்த மோரில் இரண்டு இரவு ஊற வையுங்கள். எவர்சில்வரும் பரவாயில்லை. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடாது, புளிப்பும் உப்பும் சேர்ந்து அவற்றை அரித்துவிடும். தினம் இரண்டு வேளை குலுக்கி விடுங்கள், மேலே மிதப்பவைதான் முதலில் கெடும். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் எடுத்துச் சுளகில் பரப்புங்கள். மோர்ப் பாத்திரத்தையும் வலைத்துணி கட்டி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் மிளகாய் மறுபடி மோருக்குள். இப்படி மூன்று, நான்கு நாளில் மோர் அத்தனையையும் மிளகாய் குடித்துவிடும். அதற்குப்பின் மோரில்லாமல் இன்னும் நான்கைந்து வெயில். வெளுத்து, குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும்.

உங்கள் மிளகாய் பெரும்பாலும் ராத்திரியில்தான் கெட்டிருக்கும். பாதி காய்ந்த மிளகாயை மாடியிலேயே துணி மூடி விட்டுவிட்டால், பகலெல்லாம் வெயில் எடுத்த ஈரத்தைப் பனி விடியற்காலையில் திருப்பிக் கொடுத்துவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? வெயில் தாழ்ந்ததும், சுளகு இன்னும் சுடும்போதே உள்ளே எடுத்து, சூடு ஆறும் வரை பரப்பியே வைத்து, பிறகு மூடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே எல்லா வற்றலிலும் பாதிச் சிக்கல் தீரும்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பதற வேண்டாம். மோரில் ஊறும் கட்டத்தில் இருந்தால் ஜாடியோடு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு, மூன்று நாள் தாங்கும். மோரை விட்டு எடுத்தபின் என்றால் அறைக்குள் மின்விசிறிக்கு அடியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்.

எங்கள் வீடு பழைய கால வீடு. ஓட்டுக் கூரை, மொட்டைமாடி கிடையாது. வளவு வாசலில் (வீட்டின் நடு முற்றத்தில்) மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறோம். அங்கே காய வைத்தால் வற்றல் ஒழுங்காகக் காயுமா?
— வாசகி, கானாடுகாத்தான்

காயும், ஆனால் நாள் கூடும். நாலு பக்கமும் சுவரும் தாழ்வாரமும் இருப்பதால் வாசலுக்கு முழு வெயில் கிடைப்பது ஏறக்குறைய பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைதான். அதற்கு ஏற்ற காயைத் தேர்ந்தெடுங்கள். சீனியவரை (கொத்தவரை), வெண்டை, மணத்தக்காளி, சுண்டை சரிப்படும். கூழ் வடகத்துக்கும் வெங்காய வடகத்துக்கும் காலையிலிருந்தே வெயில் வேண்டும். அவற்றுக்குப் பின்கட்டுக்கு வெளியே திறந்த இடத்தைப் பாருங்கள்.

வளவில் பெரிய குறை காற்று அடைபடுவது. தரையில் நேரே சுளகை வைத்தால் அடியில் ஈரம் தேங்கும். நாலு செங்கல்லை நிறுத்தி, மேலே சுளகை வைத்து, அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முன்வாசல் கதவும் பின்கட்டுக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் வீடுகளாயிற்றே, இரண்டையும் திறந்து வைத்தால் காற்று இழுத்துக்கொண்டு போகும். வெயில் சூடாக்குகிறது, ஈரத்தைக் கொண்டு போவது காற்றுதான். இறுக்கமான கத்திரி வெயிலைவிட, சூடு கொஞ்சம் குறைந்து காற்று ஓடும் நாளில் வற்றல் சீக்கிரம் காய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

கம்பி வலையின் நிழல் பெரிதாகப் பாதிக்காது. அதில் உட்காரும் புறாவுக்குத்தான் பயப்பட வேண்டும். வலைத்துணியைச் சுளகின் மேல் ஒட்டாமல், நாலு மூலையிலும் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் கூடாரம் போலக் கட்டுங்கள். துணி வற்றலில் பட்டால் அங்கே ஈரம் கோத்துக்கொள்ளும். ஈயும் துணிக்கு மேலிருந்தே முட்டையிட்டுவிடும். எறும்புக்கு செங்கல்லின் அடியில் தண்ணீர்த் தட்டு.

சீனியவரைக்காயைப் பச்சையாகக் காய வைப்பதா, அவித்துக் காய வைப்பதா? எங்கள் மாமியார் வீட்டில் ஒரு முறை, அம்மா வீட்டில் வேறு முறை.
— வாசகி, நாட்டரசன்கோட்டை

இந்த வழக்கில் தீர்ப்பு அவிக்கும் கட்சிக்குத்தான். காயைப் பறித்த பின்னும் அதற்குள் இருக்கும் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். பச்சையாகக் காய்ந்த வற்றல் நாளாக ஆக வைக்கோல் வாசனை அடிப்பதும், நிறம் மங்குவதும் அதனால்தான். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் மூன்று, நான்கு நிமிடம் போட்டு எடுத்தால் நொதி அடங்கும், தோலும் இளகி ஈரம் சீக்கிரம் வெளியேறும்.

ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள். காயைப் போட்டதும் கொதி அடங்கி, மறுபடி கொதி வந்ததிலிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். நிறம் பளிச்சென்று வந்ததும் வடித்துவிட வேண்டும். நசுங்கும் அளவு வெந்துவிட்டால் காய்ந்தபின் நார் மட்டும்தான் மிஞ்சும். வடித்ததைத் துணியில் பரப்பி நீர் உலர்ந்தபின் வெயிலுக்குக் கொண்டு போங்கள். மோர் வாசனை பிடித்தவர்கள் இந்த நிலையில் புளித்த மோரில் ஓர் இரவு ஊற வைக்கலாம்.

கத்தரிக்காய்க்கும் இதே முறைதான். ஆனால் நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப்பட்டுக் கறுக்கும். வெண்டைக்காயை அவிக்கக் கூடாது, வழவழப்பு வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துடைத்து, அரை அங்குலத் துண்டாக நறுக்கி, அப்படியே காய வையுங்கள். பாகற்காயை விதை நீக்கி வில்லையாக்கி, உப்பு மஞ்சள் பிசறி ஒரு மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டுக் காய வைத்தால் கசப்பும் நாளும் இரண்டும் குறையும்.

சுண்டைக்காயைத் தட்டித்தான் போட வேண்டுமா?
— வாசகர், திருப்பத்தூர்

ஆமாம். தட்டாவிட்டால் தோல் உள்ளே இருக்கும் ஈரத்தை விடாது. மேலே காய்ந்து உள்ளே கறுத்துக் கெடும். அம்மியில் வைத்து ஒரு தட்டு, வாய் பிளந்தால் போதும், நசுக்க வேண்டாம். தட்டியதைத் தண்ணீரில் அலசினால் விதை கொஞ்சம் போய்க் கசப்பு குறையும். பிறகு உப்பு மோரில் இரண்டு நாள் ஊறல், மோர் மிளகாய் மாதிரியே பகலில் வெயில், இரவில் மோர். மணத்தக்காளிக்குத் தட்டத் தேவையில்லை, தோல் மெல்லியது. முற்றிய பச்சைக் காயாக இருக்கட்டும். பழுத்தவை பிசுபிசுக்கும்.

வத்தல் காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? கையில் எடுத்தால் மொறுமொறு என்றுதான் இருக்கிறது, டப்பாவில் போட்டுப் பத்து நாளில் நமுத்துவிடுகிறது.
— வாசகி, பள்ளத்தூர்

வெயிலில் சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாமே மொறுமொறுதான். நிழலில் ஆற வைத்து, அரை மணி கழித்து உடைத்துப் பாருங்கள். காய் வற்றல் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்தில் நடுவில் கறுப்பாக, பிசின் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் இன்னும் ஒரு வெயில் பாக்கி.

கண்ணை நம்பாதவர்களுக்குத் தராசு இருக்கிறது. உப்புச் சேர்க்காமல் காய வைத்தால் ஒரு கிலோ நறுக்கிய வெண்டைக்காய் கிட்டத்தட்ட 110 கிராமுக்கு இறங்க வேண்டும். பாகற்காய் 85 முதல் 90, தக்காளி 65 முதல் 70, சீனியவரை 200 கிராமை ஒட்டி. உப்புப் போட்டிருந்தால் காயில் தங்கிய உப்பின் எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெண்டைக்காய் 150 கிராமில் நிற்கிறது என்றால் அது கையில் எப்படி இருந்தாலும் காயவில்லை.

அடுத்தது பலர் விட்டுவிடும் வேலை. காய்ந்ததை நேரே சம்படத்தில் அடைத்து மேலே ஏற்றிவிடாதீர்கள். முதலில் கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி, மூடி, ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தினம் ஒரு முறை குலுக்குங்கள். பெரிய துண்டில் மிஞ்சிய ஈரம் சின்னத் துண்டுகளுக்குப் பரவி எல்லாம் சமமாகும். கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தாலோ, துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ அன்றே திரும்ப வெயிலுக்கு. வாரம் முழுக்கக் கலகலவென்று இருந்தால்தான் சேமிக்கும் டப்பா. எவர்சில்வர் சம்படத்தில் இந்தச் சோதனை செய்ய முடியாது, உள்ளே வியர்ப்பது தெரியாது.

சூட்டோடு அடைப்பதும் நமுப்புக்குக் காரணம். சூடான வற்றலின் ஆவி மூடியில் நீராகப் படிந்து, அந்த நீர் வற்றலிலேயே சொட்டும். வருடத்துக்கான வற்றலை ஒரே பெரிய டப்பாவில் போட்டு வாரம் நாலு முறை திறப்பதைவிட, மாதத்துக்கு ஒன்றாகச் சின்ன பாட்டில்களில் பிரித்து வையுங்கள். புரட்டாசியில், ஐப்பசி மழை தொடங்கும் முன், எல்லாவற்றையும் ஒரு முறை எடுத்து அரைநாள் வெயில் காட்டி, ஆற வைத்து, திரும்ப மூடினால் மழைக்காலம் தாண்டிவிடும்.

உப்புக்கண்டம் போட்டால் இரண்டாம் நாளே வாடை அடிக்கிறது, ஒரு முறை புழுவும் வைத்துவிட்டது. கறி புதிதாகத்தான் வாங்கினோம்.
— வாசகர், சிங்கம்புணரி

காய்கறி கெட்டால் தூக்கிப் போட்டோம் என்று போகும். கறி விஷயத்தில் வயிறு கெடும், அதனால் இதில் பழைய முறையை ஓர் இடத்தில் மாற்றச் சொல்வோம். பச்சைக் கறியில் உப்பு, மஞ்சள் தடவி நேரே கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவதுதான் வழக்கம். நம் வெயிலில் கறியின் உள்பகுதி கிருமி சாகும் சூட்டுக்குப் போவதில்லை. கறி குறைந்தது 71 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்ட பிறகு காய்ந்தால்தான் பாதுகாப்பு. எனவே முதலில் வேக வையுங்கள்.

எலும்பில்லாத ஆட்டுக்கறி ஒரு கிலோ. கொழுப்பை ஒட்ட எடுத்துவிடுங்கள். கொழுப்பு காயாது, சிக்கடித்துவிடும், நீங்கள் சொல்லும் வாடையில் அதற்கும் பங்கு உண்டு. விரல் நீளத்தில், அரை சென்டிமீட்டர் கனத்தில் கீற்றாக நறுக்குங்கள். அதைவிடத் தடித்தால் வெளியே இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். கல்லுப்பு 80 முதல் 100 கிராம், மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன், ஊறிய வற்றல் மிளகாய் பதினைந்து, பூண்டு இருபது பல் சேர்த்து அரைத்துப் பிசறி, பிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றாமல் அடி கனத்த பாத்திரத்தில் போட்டால் கறி விடும் நீரிலேயே கொதிக்கும். நன்றாகக் கொதித்து, நீர் முழுக்கச் சுண்டியதும் இறக்கி ஆற வைத்து, கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்து, ஒன்றோடொன்று படாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். கொசுவலைத் துண்டைச் சுற்றிலும் பை போலத் தைத்து அதற்குள் கொடியைக் கட்டுங்கள், வலை கறியில் படக் கூடாது. ராத்திரி பிரிட்ஜில். இரண்டு, மூன்று நல்ல வெயிலில் கட்டை மாதிரி ஆகிவிட வேண்டும். மூன்றாம் நாளும் அமுக்கினால் உள்வாங்குகிறது என்றால் மிச்சத்தை வாணலியில் சிறு தீயில் புரட்டி முடித்துவிடுங்கள். மேகம் போட்ட நாளில் தொடங்கவே தொடங்காதீர்கள். ஜாடியில் வருடக்கணக்கில் வைக்கும் ஆசையை விட்டு, பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் சாப்பிடுங்கள். பொரிக்கும் முன் வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் உப்பும் இறங்கும்.

சென்னையில் ஆறாவது மாடியில் இருக்கிறோம். பால்கனிக்கு இரண்டு மணி நேர வெயில்தான். ஊரிலிருந்து அனுப்புவது தீர்ந்துவிடுகிறது. இங்கேயே போட வழி உண்டா, ஆச்சி?
— தேவகோட்டை வாசகர், தற்போது சென்னை

உண்டு. ஆனால் மோர் மிளகாயை அங்கே ஆரம்பிக்காதீர்கள். மெல்லிய காய்களோடு தொடங்குங்கள். கடற்கரை ஊரில் சூடு இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், காரைக்குடியில் மூன்று நாளில் காய்வது அங்கே ஐந்து நாள் எடுக்கும். அதற்குள் கெட்டுப்போகாத அளவு மெல்லியதாக நறுக்குவதுதான் வழி.

இரண்டு மணி நேர வெயிலை முழுக்கப் பிடியுங்கள். மிச்ச நேரம் மின்விசிறிக்கு அடியில், ஜல்லடை மாதிரி அடியிலும் காற்று போகும் தட்டில். வெயிலில் நிறுத்திய கார் நல்ல உலர்த்தி, உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். தட்டை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரு விரல் அகலம் இறக்கி விடுங்கள். முழுக்க மூடினால் ஈரம் வெளியே போகாமல் காய் வெந்துவிடும். வெங்காய வடகத்தை மட்டும் காருக்குள் வைக்காதீர்கள். அடுத்த கோடை வரை மணக்கும்.

ஓடிஜி (மின்சார ஓவன்) அடுப்பு இருந்தால் 60 டிகிரியில், கதவில் ஒரு மரக் கரண்டியைச் செருகித் திறந்தபடி, ஒரே அடுக்காகப் பரப்பிய காய் ஆறிலிருந்து பத்து மணி நேரத்தில் காயும். மணிக்கொரு முறை தட்டைத் திருப்புங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று நூறு டிகிரிக்கு ஏற்றினால் மேல்தோல் கெட்டியாகி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். ஒரு வாரத்தில் பாட்டில் வியர்க்கும். மின்கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், கால் கிலோ வற்றலுக்கு இது கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு.

வெங்காய வடகம் உருண்டை பிடித்தால் நடுவில் காயாமல் அழுகல் வாடை வருகிறது.
— வாசகி, குன்றக்குடி

சீக்கிரம் உருட்டிவிடுகிறீர்கள். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு நூறு கிராம், உளுந்து நூறு கிராம் (ஊற வைத்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்தது), கடுகும் சீரகமும் தலா 25 கிராம், வெந்தயம் 10 கிராம், கல்லுப்பு 50 முதல் 60 கிராம், மஞ்சள், கறிவேப்பிலை. வெங்காயத்தை மிக்ஸியில் விழுதாக்காமல் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். எல்லாம் பிசைந்து ஒரு இரவு வைத்தால் சாறு விடும். காலையில் சாற்றைப் பிழிந்து தனியே வைத்து, சக்கையை உதிர்த்துப் பரப்பிக் காய வையுங்கள். மாலை அதே சாற்றில் திரும்பப் பிசையுங்கள். சாறு முழுக்க உறிஞ்சிய பிறகும் ஒரு நாள் உதிரியாகவே காயட்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், அமுக்கினால் கையில் ஈரம் தெரியக் கூடாது. அப்போதுதான் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டு எலுமிச்சை அளவுக்கும் சிறிதாக உருட்டுங்கள். கடையில் பார்க்கும் பெரிய உருண்டை வீட்டு வெயிலுக்கு வேண்டாம். பிறகு ஏழெட்டு வெயில், தினம் புரட்டிவிட்டு.

கறிவேப்பிலை, முருங்கைக்கீரையை வெயிலில் காய வைத்தால் பழுப்பாகிறது.
— வாசகி, ஆத்தங்குடி

இலைக்கு வெயிலே வேண்டாம். நேர்வெயிலில் பச்சை நிறமும் சத்தும் போய்விடும். கழுவி, உதறி, காற்றோட்டமான பட்டாலையில் (கூடத்தில்) துணி விரித்து நிழலில் மூன்று, நான்கு நாள். கசக்கினால் பொடிய வேண்டும்.

வற்றலில் வண்டு வந்துவிட்டது. எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாமா? கூடவே இன்னொரு கேள்வி: இந்த முறை மோர் மிளகாயில் உப்பு கரித்துவிட்டது, என்ன செய்ய?
— வாசகி, அரியக்குடி

வண்டு பூசணம் மாதிரி ஆபத்தில்லை. ஒன்றிரண்டு என்றால் சலித்து, முழு வெயிலில் பரப்பி வண்டு ஓடியபின், பையில் கட்டி பிரீசரில் மூன்று நாள் வையுங்கள், முட்டையும் சாகும். பையை வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் வரை கட்டியபடியே விட்டால்தான் வற்றலில் நீர் படியாது. துளை விழுந்து மாவாக உதிர்ந்திருந்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை, போட்டுவிடுங்கள். பாட்டிலை வெந்நீரில் கழுவி வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த வற்றல்.

உப்புக்கு வழி இருக்கிறது. மிளகாயைத் தண்ணீரில் ஊற விடாமல், ஒரே முக்கு முக்கி எடுத்து உதறி, மீண்டும் இரண்டு வெயில் காட்டுங்கள். மேலே படிந்த உப்பு போய்விடும். அதற்கும் கரித்தால் தயிர்சாதத்தில் உப்பைக் குறைத்துப் பிசைந்துகொள்ள வேண்டியதுதான்.